மூத்த அணித்தோழரை வைத்து இளம் பந்தய ஓட்டுநரின் திறமையை அளப்பது எப்படி?

ஃபார்முலா 1 பந்தயத்தில் ஒவ்வோர் அணியும் தன் காரைத் தானே வடிவமைத்துக்கொள்வதால், ஓர் அணியின் ஓட்டுநரை இன்னோர் அணியின் ஓட்டுநரோடு நேருக்கு நேர் ஒப்பிட வழியில்லை. ஏறத்தாழ ஒரே மாதிரியான காரில், ஒரே நாளில், ஒரே தளத்தில் ஓடுகிறவர் அணித்தோழர் ஒருவர் மட்டுமே. ஆகவே பதினெட்டு பத்தொன்பது வயதில் வந்து சேரும் ஒரு பையன் தேறுவானா மாட்டானா என்ற கேள்விக்கு, பக்கத்துக் காரில் பல ஆண்டு அனுபவத்தோடு உட்கார்ந்திருப்பவரே முதல் சாட்சி. அந்தச் சாட்சியை எப்படி விசாரிப்பது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஐரோப்பியப் பந்தயங்கள் நமக்கு ஞாயிறு மாலை 6.30 மணிக்குத் தொடங்குவதால், நம் குமரி மாவட்டத்து வடசேரியிலும் மார்த்தாண்டத்திலும் இரவு எட்டரை மணிக்கெல்லாம் தேநீர்க்கடை பெஞ்சில் தீர்ப்புச் சொல்லப்பட்டுவிடுகிறது. 2025ஆம் ஆண்டு முடிந்தபோது அப்படிக் கேட்ட தீர்ப்புகளில் ஒன்று மெர்சிடிஸ் அணியில் ஜார்ஜ் ரசலுக்குப் பக்கத்துக் காரில் முதல் ஆண்டு ஓட்டிய கிமி அன்டோனெல்லியைப் பற்றியது: “ரசல் 319 பாயின்ட், இவன் 150. பாதிகூட இல்ல மக்கா, இதுக்கு மேல என்ன கணக்கு வேணும்?” இரண்டு எண்களும் சரியானவை. ஆனால் அந்த இரண்டு எண்களை மட்டும் வைத்துத் திறமையைப் பற்றி ஒரு வாக்கியம்கூட உறுதியாகச் சொல்ல முடியாது.

புள்ளிப் பட்டியலை முதலில் மூடி வைத்துவிட வேண்டும் என்பதற்குத் தமிழ்நாட்டிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. நரேன் கார்த்திகேயன் 2005இல் ஜோர்டான் அணியில் ஓட்டியபோது அந்தச் சீசனில் பெற்ற புள்ளிகள் மொத்தம் 5. அவருடைய அணித்தோழர் தியாகோ மொன்டெய்ரோ பெற்றவை 7. நரேனின் ஐந்தும் அமெரிக்க கிராண்ட் பிரீ என்ற ஒரே பந்தயத்தில் வந்தவை. அன்று மிஷெலின் டயர் பயன்படுத்திய 14 கார்களும் பாதுகாப்புக் காரணத்தால் பந்தயம் தொடங்கும் முன்பே விலகிக்கொள்ள, மீதமிருந்த ஆறு கார்களே ஓடின. மொன்டெய்ரோ மூன்றாவதாகவும் நரேன் நான்காவதாகவும் வந்தார்கள். அந்த ஒரு பந்தயத்தைக் கழித்துவிட்டால் ஆண்டு முழுவதிலும் இருவருக்கும் இடையே இருந்தது ஒரேயொரு புள்ளி.

லாண்டோ நோரிஸின் முதல் ஆண்டும் இதே பாடத்தைச் சொல்கிறது. 2019இல் மெக்லாரனில் கார்லோஸ் சைன்ஸ் 96 புள்ளிகளும் நோரிஸ் 49 புள்ளிகளும் பெற்றார்கள். பந்தயத்தில் யார் எந்த இடத்திலிருந்து கிளம்புவது என்பதைத் தீர்மானிக்கும் தகுதிச் சுற்றுகளில், அதே ஆண்டு 21இல் 11 முறை முன்னால் நின்றவர் நோரிஸ். பெல்ஜியத்தில் ஐந்தாவது இடத்தில் ஓடிக்கொண்டிருந்த அவருடைய கார் கடைசி லேப்பில் (லேப் என்பது தளத்தை ஒருமுறை சுற்றி வருவது) சக்தியிழந்து நின்றதும் அந்த 49க்குள் அடக்கம். புள்ளி என்பது காரின் நம்பகத்தன்மை, டயர் மாற்ற நிற்கும் பிட் ஸ்டாப், விபத்து நேரத்தில் எல்லோரையும் மெதுவாக்கும் சேஃப்டி கார் வந்த நேரம், முன்னால் ஓடியவர்களின் விபத்துகள் ஆகிய எல்லாம் கலந்த எண்ணாக இருக்க, நமக்கு வேண்டியதோ ஓட்டுநரின் கையும் காலும் கண்ணும் மட்டும் சேர்ந்து உண்டாக்கிய எண்.

சனிக்கிழமையிலிருந்து தொடங்குங்கள்

தகுதிச் சுற்றில் இருவரும் குறைந்த எரிபொருளோடும் புதிய மென் டயரோடும் முழு வேகத்தில் ஓடுகிறார்கள். அதனால் கணக்கை அங்கிருந்து தொடங்குவதே சுலபம். ஆனால் “இவர் ஏழாம் இடம், அவர் பதினொன்றாம் இடம்” என்று இடங்களை ஒப்பிடாதீர்கள். இடங்களுக்கு நடுவே மற்ற அணிகள் புகுந்துகொள்ளும். நேரத்தை எடுங்கள். அதிலும், கியூ1, கியூ2, கியூ3 என்று மூன்று பகுதிகளாக நடக்கும் அந்தச் சுற்றில் இருவரும் கலந்துகொண்ட கடைசிப் பகுதியின் நேரத்தை மட்டும் எடுங்கள்; பின்தங்கியவர்கள் முதல் இரண்டு பகுதிகளின் முடிவில் வெளியேறிவிடுவார்கள். கார்கள் ஓட ஓடத் தளத்தில் ரப்பர் படிந்து பிடிப்பு கூடிக்கொண்டே போவதால், மூத்தவரின் கியூ3 நேரத்தை இளையவரின் கியூ2 நேரத்தோடு ஒப்பிட்டால், இளையவர் செய்யாத குற்றத்துக்கும் அவர் தலையில் சில பத்தில் ஒரு பங்கு வினாடிகள் ஏறிவிடும். இருவரும் கியூ2 வரை வந்திருந்தால் இருவரின் கியூ2 நேரமே ஒப்பீட்டுக்கு உரியது.

அடுத்து, வினாடியைச் சதவீதமாக மாற்றுங்கள். ஆஸ்திரியாவின் ரெட் புல் ரிங் தளத்தில் ஒரு லேப் ஏறத்தாழ 65 வினாடிகள்; பெல்ஜியத்தின் ஸ்பா தளத்தில் ஏறத்தாழ 105 வினாடிகள். 0.2 வினாடி வேறுபாடு முதலாவதில் 0.31 சதவீதம், இரண்டாவதில் 0.19 சதவீதம். ஆஸ்திரியாவில் 0.2 வினாடி பின்தங்கிய இளைஞர் ஸ்பாவில் 0.3 வினாடி பின்தங்கினால் அவர் மோசமாகிவிட்டார் என்று அறிவிப்பாளர் சொல்லக்கூடும். சதவீதத்தில் பார்த்தால் அவர் சற்றே முன்னேறியிருக்கிறார்.

என் நோட்டில் ஒவ்வொரு பந்தயத்துக்கும் ஒரே ஒரு வரிதான் உண்டு. தளத்தின் பெயர், கியூ எண், மூத்தவரின் நேரம், இளையவரின் நேரம், சதவீத வேறுபாடு, இறுதியில் “குறிப்பு” என்று ஓர் அகலமான கட்டம். அந்தக் குறிப்புக் கட்டத்தில்தான் வேலை முழுவதும் நடக்கிறது. மஞ்சள் கொடி, போக்குவரத்து நெரிசல், லேப் ரத்து, கார் கோளாறு, ஒருவருக்கு மட்டும் புதிய உதிரிபாகம் என்று ஏதாவது அங்கே எழுதப்பட்டிருந்தால் அந்த வரியின் மேல் பென்சிலால் கோடு போட்டுவிடுவேன். சீசன் முடியும்போது கோடு படாத வரிகளைச் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கி, நடுவில் நிற்கும் எண்ணை எடுக்க வேண்டும். சராசரி எடுக்கக் கூடாது. மழையில் தடுமாறிய ஒரே ஒரு சனிக்கிழமை இருபது நல்ல சனிக்கிழமைகளின் சராசரியைக் கெடுத்துவிடும், நடுஎண்ணை அசைக்காது. கோடு படாத வரிகள் குறைந்தது பத்து இல்லாத வரை நான் எந்தத் தீர்ப்பும் சொல்வதில்லை.

ஒரே பந்தயத்தை வைத்து முடிவு செய்வதன் ஆபத்துக்கு மீண்டும் நரேனையே நினைவுகூரலாம். 2011இல் புத் சர்வதேசத் தளத்தில் நடந்த முதல் இந்திய கிராண்ட் பிரீயில் எச்ஆர்டி அணிக்காக ஓட்டிய அவர் 17ஆவதாக வந்தார். அதே அணியில் தன் முதல் ஆண்டை ஓட்டிக்கொண்டிருந்த இளைஞர் அவருக்குப் பின்னால் 18ஆவதாக வந்தார். அந்த இளைஞர் டேனியல் ரிக்கார்டோ. பின்னாளில் அவர் எட்டு கிராண்ட் பிரீக்களை வென்றார். அன்றைய மாலையில் மகிழ்ந்ததில் தவறில்லை. அதை அளவீடாக எடுத்துக்கொண்டிருந்தால் தவறு.

குறிப்புக் கட்டத்தில் எழுத மறந்துவிடும் இரண்டு விஷயங்களைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஒன்று, இழுகாற்று. நீண்ட நேர்ப்பாதைகள் உள்ள தளத்தில் முன்னால் ஒரு கார் காற்றைக் கிழித்துக்கொண்டு போனால் பின்னால் வருபவருக்கு வேகம் கூடுகிறது. 2019இல் மோன்சாவில் கியூ3 முடியும் தறுவாயில் எவரும் முதல் ஆளாகப் போக விரும்பாமல் ஊர்ந்ததால், பெரும்பாலோர் நேரம் முடிவதற்குள் கோட்டைக் கடக்கவே இல்லை. ஃபெராரியில் சார்ல் லெக்லெர்க்குக்கு முதலிடம் கிடைக்க, அவருடைய மூத்த அணித்தோழர் செபாஸ்டியன் வெட்டல் தனக்குக் கிடைக்க வேண்டிய இழுகாற்று கிடைக்காத கோபத்தோடு நின்றார். அந்த வரியின் மேல் கோடுதான் போட வேண்டும்.

இரண்டாவது, காற்றின் திசை. இதை நம் மாவட்டத்துக்காரர்களுக்கு விளக்கவே தேவையில்லை. ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டி முப்பந்தல் காற்றாலைகளுக்கு நடுவே பைக் ஓட்டியவர்கள், மறைவிலிருந்து வெளியே வந்த கணத்தில் வண்டி ஒரு முழம் பக்கவாட்டில் நகர்வதை உடம்பால் அறிந்தவர்கள். பந்தயக் காரை வளைவில் தரையோடு அழுத்திப் பிடிப்பதே காற்றுதான் என்பதால், வளைவுக்குள் நுழையும்போது காற்று எதிரே வந்தால் பிடிப்பு கூடுகிறது. பின்னாலிருந்து வந்தால் குறைகிறது. இருவரும் மூன்று நிமிட இடைவெளியில் ஓடினாலும் ஒரு வீச்சுக் காற்று ஒருவரை மட்டும் தாக்கியிருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமையின் கணக்கு

பந்தய வேகத்தை ஒப்பிடுவது இன்னும் கடினம். ஆனால் இளையவருக்கும் மூத்தவருக்கும் உள்ள உண்மையான தூரம் பெரும்பாலும் இங்கேதான் ஒளிந்திருக்கிறது. 2025 வரையிலான விதிப்படி ஒரு கார் பந்தயத்துக்கு அதிகபட்சம் 110 கிலோ எரிபொருள் எடுத்துச் செல்லலாம். பத்து கிலோ எடை ஒரு லேப்புக்குச் சுமார் 0.3 வினாடி என்பது பொதுவான கணக்கு. ஒவ்வொரு லேப்பிலும் இரண்டு கிலோவுக்குச் சற்றுக் குறைவாக எரிவதால், டயர் தேயாமலே இருந்தாலும் கார் லேப்புக்கு 0.05 வினாடி போல வேகம் கூடிக்கொண்டே போக வேண்டும். ஆகவே ஒருவரின் பத்தாவது லேப்பை இன்னொருவரின் முப்பதாவது லேப்போடு வைத்துப் பார்ப்பதில் பொருளில்லை. இருவரும் ஒரே வகை டயரில், ஏறத்தாழ ஒரே வயதுள்ள டயரில், முன்னால் தடை இல்லாமல் ஓடிய லேப்புகளை மட்டும் எடுத்து, அதே லேப் எண்களை எதிரெதிரே எழுத வேண்டும்.

2023ஆம் ஆண்டு ஜப்பான் கிராண்ட் பிரீயைப் போல இதைத் தெளிவாகக் காட்டும் பந்தயம் வேறில்லை. மெக்லாரனில் ஆஸ்கர் பியாஸ்ட்ரிக்கு அது முதல் ஆண்டு, நோரிஸுக்கு ஐந்தாவது. சுசூகாவில் பியாஸ்ட்ரி அதுவரை பந்தயம் ஓட்டியதே இல்லை. தகுதிச் சுற்றில் அவர் இரண்டாவதாகவும் நோரிஸ் மூன்றாவதாகவும் வந்தார்கள்; இடைவெளி 0.035 வினாடி. சனிக்கிழமையோடு நிறுத்தியிருந்தால் புதியவர் மூத்தவரை எட்டிப்பிடித்துவிட்டார் என்றுதான் எழுதியிருப்போம். ஞாயிற்றுக்கிழமை, 53 லேப்புகளின் முடிவில், நோரிஸ் இரண்டாவதாகவும் பியாஸ்ட்ரி அவருக்குச் சுமார் 17 வினாடி பின்னால் மூன்றாவதாகவும் வந்தார்கள். எல்லோரும் வேகத்தைக் குறைத்தாக வேண்டிய மெய்நிகர் சேஃப்டி கார் நேரத்தில் டயர் மாற்றியதால் பியாஸ்ட்ரிக்கு ஓர் ஆதாயம் கிடைத்திருந்த பிறகும் இந்த நிலை. லேப்புக்குச் சராசரியாக 0.3 வினாடிக்கு மேல்.

இந்த இரண்டு எண்களையும் எப்படிப் படிப்பது என்பதில்தான் இந்த வழிகாட்டியின் சாரம் இருக்கிறது. 0.035 என்ற எண், காரின் எல்லையைத் தேடிக் கண்டுபிடிக்கும் ஆற்றல் அவரிடம் இருக்கிறது என்று சொல்கிறது. 17 என்ற எண், சுசூகாவின் நீண்ட வேக வளைவுகளில் டயரைச் சூடேறவிடாமல் காப்பாற்றும் வித்தையை அவர் இன்னும் கற்கவில்லை என்று சொல்கிறது. முதலாவது இல்லாதவருக்கு அதைச் சொல்லிக்கொடுப்பது மிகக் கடினம். இரண்டாவது, பொறியாளர்களோடு உட்கார்ந்து தரவுகளைப் பார்த்தும் ஓட்டி ஓட்டிப் பழகியும் வருவது. அந்த ஆண்டுப் புள்ளிக் கணக்கு நோரிஸ் 205, பியாஸ்ட்ரி 97. அடுத்த ஆண்டு 374க்கு 292. 2025இல் இருவரும் தலா ஏழு பந்தயங்களை வென்றார்கள். நோரிஸ் 423 புள்ளிகளோடு சாம்பியன், பியாஸ்ட்ரி 410. சனிக்கிழமையின் 0.035ஐப் பெரிதாகவும் ஞாயிறின் 17ஐச் சிறிதாகவும் எடைபோட்டவர்களே 2023இல் சரியாகக் கணித்தவர்கள்.

இதைத் தலைகீழாகவும் பயன்படுத்தலாம். பந்தயத்தில் மூத்தவரோடு ஒட்டி ஓடி, தகுதிச் சுற்றில் மட்டும் எப்போதும் 0.4 சதவீதம் பின்தங்கும் இளைஞரைப் பார்த்தால் நான் கொஞ்சம் கவலைப்படுவேன். அவர் நிதானமானவர், நம்பகமானவர், அணிக்கு உதவுவார். ஆனால் உச்சவரம்பு அங்கேயே இருக்கக்கூடும்.

வேறுபாடு லேப்பின் எந்த இடத்தில் இருக்கிறது?

மொத்த வேறுபாட்டின் அளவைவிட அது எங்கே விழுகிறது என்பது பல நேரங்களில் அதிகம் பேசும். செக்டர் எனப்படும் தளத்தின் மூன்று பகுதிகளின் நேரங்களும் அதிகாரபூர்வத் தாள்களிலேயே கிடைக்கின்றன. கணினி தெரிந்தவர்கள் இன்னும் ஆழமாகப் போகலாம்: பைத்தான் மொழியில் எழுதப்பட்ட ஃபாஸ்ட்எஃப்1 என்ற இலவச நூலகம், 2018 முதலான பந்தயங்களில் ஒவ்வொரு காரின் வேகம், ஆக்சிலரேட்டர், கியர் ஆகியவற்றை இறக்கித் தருகிறது. நம் மாவட்டத்தில் தெருவுக்கு ஒரு பொறியியல் மாணவராவது இருக்கும்போது இதற்கு ஆள் தேட வேண்டியதில்லை. ஒரு எச்சரிக்கை: அந்தத் தரவில் பிரேக் என்பது மிதித்தாரா இல்லையா என்று மட்டுமே இருக்கும், எவ்வளவு அழுத்தினார் என்பது இருக்காது. அதை வைத்து “இவருக்குப் பிரேக் பிடிக்கத் தெரியவில்லை” என்று எழுதிவிடாதீர்கள்.

இரண்டு வேகக் கோடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வரைந்து பாருங்கள். இளையவர் எல்லா வளைவிலும் கொஞ்சம் கொஞ்சமாக இழக்கிறார் என்றால் அவர் காரின் எல்லைக்கு உள்ளேயே ஓடுகிறார். துணிவோ நம்பிக்கையோ இன்னும் வரவில்லை. வேகமான வளைவுகளில் மூத்தவருக்குச் சமமாகவோ மேலாகவோ ஓடி, மெதுவான வளைவுகளின் வெளிவாயிலிலும் லேப்பின் முதல் இரண்டு வளைவுகளிலும் மட்டும் இழக்கிறார் என்றால், அது பெரும்பாலும் டயரைத் தயார்செய்யும் பழக்கம் சார்ந்த குறை. பிட்டிலிருந்து வெளியே வரும் லேப்பில் டயரை எவ்வளவு சூடாக்குவது என்பது அனுபவத்தால் மட்டும் வரும் நுணுக்கம்; அது பிடிபட்டவுடன் முதல் செக்டரின் இழப்பு மறைந்துவிடும். செக்டர்களைத் தனித்தனியாகக் கூட்டினால் மூத்தவரை வென்றிருப்பார், ஒரே லேப்பில் மூன்றையும் சேர்க்க முடியவில்லை என்ற நிலையில் இருப்பவரை நான் எப்போதும் நம்பிக்கையான பக்கத்தில் எழுதுவேன்.

ஈரமும் உலர்வும் கலந்த தளத்தைத் தனிக் கவனத்தோடு பாருங்கள். அங்கே பழைய தரவு எவருக்கும் உதவாது. பிடிப்பு எங்கே இருக்கிறது என்று ஒவ்வொரு லேப்பிலும் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டும். மழை தொடங்கியதும் இளையவர் போடும் முதல் இரண்டு லேப்புகள், அவர் ஐம்பது லேப் பழகிய பிறகு போடும் சிறந்த லேப்பைவிட அவருடைய இயல்பான திறமையைப் பற்றி அதிகம் சொல்கின்றன. ஆனால் அதில் வரும் விபத்தையும் தாட்சண்யமின்றிக் குறித்துக்கொள்ள வேண்டும். 2025 சில்வர்ஸ்டோனில் ஈரத் தளத்தில் உலர் டயர் போட்டுச் சூதாடிய முதல் ஆண்டுக்காரர் கேப்ரியேல் போர்டொலெட்டோ தொடக்கத்திலேயே காரை இழந்தார். அதே பந்தயத்தில் அவருடைய சாபர் அணித்தோழர் நிகோ ஹுல்கன்பெர்க் கடைசி வரிசைக்கு அருகிலிருந்து கிளம்பித் முதல் மூவர் நிற்கும் மேடையைத் தன் வாழ்நாளில் முதன்முறையாக எட்டினார். எந்த டயர், எப்போது, எவ்வளவு பொறுமை என்ற தீர்மானத்தில் அனுபவத்தின் விலை அன்று தெரிந்தது. வேகத்தைப் பற்றி அந்தப் பந்தயம் எதுவும் சொல்லவில்லை.

அளவுகோலையும் அளக்க வேண்டும்

இங்கேதான் பெரும்பாலான வாதங்கள் சறுக்குகின்றன. மூத்தவர் என்பவர் மாறாத இரும்புக்கோல் அல்லர். அவரும் ஆண்டுக்கு ஆண்டு, காருக்குக் கார் மாறுகிறார். 2014இல் நான்கு முறை சாம்பியனான செபாஸ்டியன் வெட்டலை ரெட் புல்லில் ரிக்கார்டோ 238க்கு 167 என்று வென்றார். மூன்று வெற்றிகள் ரிக்கார்டோவுக்கு, வெட்டலுக்கு ஒன்றுமில்லை. வெட்டல் முடிந்துவிட்டார் என்று சொன்னவர்கள் உண்டு. அடுத்த ஆண்டு அவர் ஃபெராரிக்குப் போய் மூன்று பந்தயங்களை வென்று, அணித்தோழர் கிமி ரைக்கோனனைவிட 278க்கு 150 என்று முன்னால் நின்றார். 2014இல் விதிகள் மாறியதால் காரின் பின்பகுதிப் பிடிப்பு குறைந்தது. அவர் பழகியிருந்த ஓட்டமுறைக்கு அந்தக் கார் இடங்கொடுக்கவில்லை. ரிக்கார்டோவின் திறமை உண்மையானது; ஆனால் அந்த 71 புள்ளி வேறுபாடு முழுவதும் அவருடைய திறமை அன்று.

மெர்சிடிஸில் 2022இல் ஜார்ஜ் ரசல் 275, அவருடைய மூத்த அணித்தோழர் லூயிஸ் ஹாமில்டன் 240. அந்த ஆண்டின் முற்பகுதியில், துள்ளிக்கொண்டே ஓடிய காரைப் புரிந்துகொள்வதற்காக ஹாமில்டன் காரின் அமைப்பை மாற்றும் பல சோதனை செட்டப்புகளைத் தன் காரில் போட்டுப் பார்த்தார். 2023இல் கணக்கு திரும்பி ஹாமில்டன் 234, ரசல் 175 ஆயிற்று. ஓர் ஆண்டை மட்டும் பார்த்தவர் எந்த ஆண்டைப் பார்த்தாரோ அதற்கேற்ற தீர்ப்பைச் சொல்லியிருப்பார்.

புதியவர் ஒருவர் மூத்தவரைச் சமன்செய்த நிகழ்வுகளில் மிகப் புகழ்பெற்றது 2007. மெக்லாரனில் முதல் ஆண்டு ஓட்டிய ஹாமில்டனும் இரண்டு முறை சாம்பியனான ஃபெர்னாண்டோ அலோன்சோவும் தலா 109 புள்ளிகளும் நான்கு வெற்றிகளும் பெற்றார்கள். இரண்டாம் இடங்கள் அதிகம் என்பதால் ஹாமில்டன் பட்டியலில் மேலே நின்றார். இதையும் குறிப்புக் கட்டத்தோடு சேர்த்துப் படிக்க வேண்டும். அலோன்சோவும் அந்த அணிக்குப் புதியவர். முந்தைய ஆண்டு மிஷெலின் டயரில் ஓட்டியவர் பிரிட்ஜ்ஸ்டோனுக்கு மாற வேண்டியிருந்தது. ஹாமில்டனோ சிறுவயதிலிருந்தே அந்த அணியின் நிழலில் வளர்ந்தவர். முந்தைய ஆண்டு, ஃபார்முலா 1க்கு அடுத்த கீழ்நிலையான ஜிபி2 பந்தயத்தில் பிரிட்ஜ்ஸ்டோன் டயரில்தான் ஓட்டினார். இவ்வளவையும் கழித்த பிறகும் ஹாமில்டனின் முதல் ஆண்டு மலைக்க வைப்பதுதான். ஆனால் கழித்துவிட்டுச் சொல்வதற்கும் கழிக்காமல் சொல்வதற்கும் மதிப்பு வேறு.

அளவுகோல் மிக நீளமாக இருப்பதும் ஒரு சிக்கல். 2019இல் ரெட் புல்லில் பியர் காஸ்லி 12 பந்தயங்களில் 63 புள்ளிகள் பெற்றபோது அணித்தோழர் மாக்ஸ் வெர்ஸ்டாப்பன் 181 பெற்றிருந்தார். காஸ்லி ரெட் புல்லின் கீழ் அணிக்கு அனுப்பப்பட்டார். அதே ஆண்டு பிரேசிலில் அந்தச் சிறிய அணியின் காரில் இரண்டாவதாக வந்தார். 2020இல் மோன்சாவில் வென்றார். முன்சக்கரம் கூர்மையாகத் திரும்பி, பின்பகுதி எப்போதும் நழுவப் பார்க்கும் ஒரு காரை ஒருவரே அடக்க முடிகிறது என்றால், பக்கத்தில் இருப்பவரின் திறமையை அந்தக் காரில் அளக்கவே முடியாது. அத்தகைய அணியிலிருந்து வரும் எண்களை நான் பாதி எடையோடுதான் சேர்ப்பேன். இளையவரின் முந்தைய அணித்தோழர்களையும், மூத்தவரின் முந்தைய அணித்தோழர்களையும் சங்கிலி போல இணைத்துப் பார்ப்பது ஓரளவு உதவும். ஒவ்வொரு கண்ணியிலும் பிழை கூடும் என்பதால் இரண்டு கண்ணிகளுக்கு மேல் போகாதீர்கள்.

கார்கள் உண்மையிலேயே சமமா?

பெரும்பாலும் ஆம், எப்போதும் அல்ல. 2010இல் சில்வர்ஸ்டோனில் ரெட் புல்லிடம் புதிய முன்சிறகுகள் இரண்டே இருந்தன. வெட்டலுடையது பயிற்சியில் சேதமடைந்ததும், மார்க் வெப்பரின் காரிலிருந்ததைக் கழற்றி அணி வெட்டலுக்குக் கொடுத்தது. தகுதிச் சுற்றில் வெட்டல் முதலிடம். பந்தயத்தில் பழைய சிறகோடு வென்றவர் வெப்பர். உத்தியும் சமமாக இருக்காது. 2016இல் ஸ்பெயினில் 18 வயது வெர்ஸ்டாப்பன் ரெட் புல்லில் தன் முதல் பந்தயத்தையே வென்றார். முதல் லேப்பில் இரண்டு மெர்சிடிஸ்களும் மோதி வெளியேறியிருந்தன; முன்னால் ஓடிய ரிக்கார்டோவை அணி மூன்று முறை டயர் மாற்றும் திட்டத்துக்கும் வெர்ஸ்டாப்பனை இரண்டு முறைக்கும் அனுப்பியது. அன்று வெர்ஸ்டாப்பன் பழைய டயரோடு ரைக்கோனனைப் பின்னால் நிறுத்திவைத்த விதம் திறமைக்குச் சான்று. ரிக்கார்டோவை வென்றது சான்றன்று. முந்தைய நாள் தகுதிச் சுற்றில் முன்னால் இருந்தவர் ரிக்கார்டோவே.

ஓட்டுநரின் எடையைப் பற்றி முன்பு கேட்க வேண்டியிருந்தது. 2019 முதல் ஓட்டுநருக்கும் இருக்கைக்கும் சேர்த்துக் குறைந்தபட்ச எடை விதிக்கப்பட்டுவிட்டதால் ஃபார்முலா 1இல் அந்தக் கேள்வி பெரும்பாலும் தீர்ந்துவிட்டது.

அன்டோனெல்லிக்கு இப்போது திரும்பலாம். 2025இல் இமோலாவில் மெர்சிடிஸ் ஒரு புதிய பின் சஸ்பென்ஷனைக் கொண்டுவந்து, இடையில் கழற்றி மாட்டி, ஹங்கேரியில் அதை முற்றிலும் கைவிட்டது. அது காரின் நிலைத்தன்மையைக் கெடுத்தது என்று அணியே ஒப்புக்கொண்டது. ரசல் அப்போது அந்த அணியில் நான்காவது ஆண்டு ஓட்டிக்கொண்டிருந்தவர். கார் மாறியிருப்பதை உணர்ந்து தன் ஓட்டத்தை மாற்றிக்கொள்ளத் தெரிந்தவர். முதல் ஆண்டுக்காரருக்குக் கார் கெட்டதா தான் கெட்டோமா என்று பிரித்தறியவே வழியில்லை. அந்த ஐரோப்பிய மாதங்களில்தான் அவர் அதிகமாகச் சரிந்தார். பழைய சஸ்பென்ஷன் வந்த பிறகு மெல்ல எழுந்து, பிரேசிலில் ரசலுக்கு முன்னால் இரண்டாவதாக வந்தார். ஆகவே அந்த 150ஐ மூன்றாக வெட்டி, முதல் ஆறு பந்தயங்கள், சஸ்பென்ஷன் காலம், அதற்குப் பிந்தைய காலம் என்று தனித்தனி நடுஎண் எடுத்துப் பார்த்தால்தான் அது ஒரு பையனின் வளர்ச்சியா வீழ்ச்சியா என்று பேசத் தொடங்கலாம்.

கற்ற தளமும் கல்லாத தளமும்

2023 முதல் 2025 வரை சீசனுக்கு முந்தைய சோதனை ஓட்டம் மூன்றே நாட்கள். அணிக்கு ஒரே கார். ஆக ஓர் ஓட்டுநருக்கு ஒன்றரை நாள். இந்த நிலையில் புதியவரின் வரிகளை நோட்டில் இரண்டு நிறத்தில் எழுதுவது நல்லது. ஃபார்முலா 1க்கு அடுத்த கீழ்நிலையான ஃபார்முலா 2இல் அவர் ஏற்கெனவே ஓடிய பஹ்ரைன், மொனாக்கோ, சில்வர்ஸ்டோன், ஸ்பா, மோன்சா போன்றவை ஒரு நிறம். அந்தப் பந்தயத்தொடர் போகாத சுசூகா, சிங்கப்பூர், ஆஸ்டின், இன்டர்லாகோஸ் போன்றவை இன்னொரு நிறம். முதல் ஆண்டில் இரண்டாம் நிறத்து வேறுபாடு பெரிதாக இருப்பது இயல்பு. இரண்டாம் ஆண்டில் அந்தத் தளங்களிலும் அதே வேறுபாடு நீடித்தால் அனுபவமின்மை என்ற சமாதானம் தீர்ந்துபோகிறது. கூடுதலாக ஒரு குறும்பந்தயமும் நடப்பதால் ஒரே ஒரு பயிற்சி நேரம் மட்டுமே உள்ள ஸ்பிரின்ட் வாரங்களையும் தனியாகக் குறியுங்கள். அங்கே இளையவர் மூத்தவருக்கு அருகில் நின்றால் அதற்கு இரட்டை மதிப்பு. கார் ஓட்டிய தூரமே இல்லாதவரிடம் எதையும் எதிர்பார்க்கக் கூடாது என்பதற்குச் சென்னையின் கருண் சந்தோக் ஒரு சாட்சி: 2010 பஹ்ரைனில் எச்ஆர்டி காரில் அவர் ஓட்டிய முதல் லேப்பே தகுதிச் சுற்றில்தான்.

கோயம்புத்தூரில் ஓடும் நம் பிள்ளைகளை அளப்பது

நம் மாவட்டத்தில் பந்தயத் தளம் கிடையாது. கார்ட் என்ற சிறிய பந்தய வண்டியிலோ ஃபார்முலா காரிலோ ஓட விரும்பும் பிள்ளை கோயம்புத்தூரின் காரி மோட்டார் ஸ்பீட்வேக்கு 400 கிலோமீட்டருக்கு மேலும், ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டைத் தளத்துக்கு ஏறத்தாழ 700 கிலோமீட்டரும் போக வேண்டும். கோயம்புத்தூரிலேயே வசிக்கும் மூத்த அணித்தோழர் வாரந்தோறும் அங்கே ஓட்டியிருப்பார். ஆகவே வயதையும் சீசன் எண்ணிக்கையையும் கேட்பதற்கு முன்னால், அந்தக் குறிப்பிட்ட தளத்தில் ஒவ்வொருவரும் இதுவரை எத்தனை லேப் ஓட்டியிருக்கிறார்கள் என்று கேளுங்கள். தக்கலையிலிருந்து போன பையன் சனிக்கிழமை காலை 1.5 சதவீதம் பின்தங்கி, ஞாயிறு மாலை 0.5 சதவீதத்துக்கு வந்துவிட்டால், கோப்பை கிடைக்காவிட்டாலும் அந்தச் சரிவுக் கோடுதான் பார்க்க வேண்டியது.

இந்த நிலைப் பந்தயங்களில் ஃபார்முலா 1இல் இல்லாத ஒரு வசதியும் உண்டு. நேரப்பதிவுக் கருவி எல்லா லேப்பையும் பதிவு செய்வதால், சிறந்த லேப் மட்டும் அச்சிட்ட தாளை வாங்கிக்கொண்டு திரும்பாமல் முழுத் தாளையும் கேட்டு வாங்குங்கள். மூத்தவரின் எடையும் உங்கள் பிள்ளையின் எடையும் எவ்வளவு, ஈடுகட்ட எடைக்கட்டி வைத்தார்களா என்று பாருங்கள். சின்ன எஞ்சினில் அது லேப் நேரத்தை நேராக மாற்றிவிடும். பிறகு, பந்தய நாளில் அல்ல, பயிற்சி நாளொன்றில், பயிற்சியாளரிடம் மரியாதையாக ஒன்று கேளுங்கள்: இருவரும் ஐந்து லேப் ஓட்டிய பின் அதே டயரோடு வண்டிகளை மாற்றிக்கொண்டு இன்னும் ஐந்து லேப் ஓட்டட்டும் என்று. வேறுபாடு வண்டியோடு போனால் அது எஞ்சினோ சேசிஸோ. ஆளோடு போனால் ஆள். இருக்கையும் பெடலும் உயரத்துக்கு ஒத்துவராவிட்டால் முதல் இரண்டு லேப்புகளைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.